மினோவா கடைசியாக எடுத்த படம்

மினோவா இறந்து நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கு முடிந்து, அஸ்தியைக் கல்லறையில் வைத்த பின், அவருடைய மனைவி கினுயே கணவரின் உடைமைகளை நெருங்கியவர்களுக்குப் பகிர்ந்தளித்தாள். தம்பிக்குக் கைக்கடிகாரம், மருமகனுக்குக் கம்பளி மேலங்கி, நண்பர் தெராஷிமாவுக்கு ஊதாத் துணியில் முடிச்சிட்ட ஒரு சிறு பொதி. முடிச்சை அவிழ்க்கும் முன்னரே உள்ளிருப்பது இன்னதென்று தெராஷிமாவுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கனம் அவர் கைக்குப் பல ஆண்டுப் பழக்கம்.

"இது உங்களுக்குத்தான்னு அவரே சொல்லி வச்சிருந்தாரு, தெராஷிமா சான். வேற யாருக்கும் இதோட அருமை தெரியாதுன்னாரு."

தெராஷிமா நெற்றி பாயில் படும்படி குனிந்தார். கண் கலங்கியது. அந்தக் கண்ணீரில் துக்கம் எவ்வளவு, ஆசை நிறைவேறிய களிப்பு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அவர் துணியவில்லை. இறந்தவர் நினைவாக வரும் பொருளை மறுக்கலாகாது, விற்கலாகாது, திருப்பித் தரவும் ஆகாது. ஆகவே இது இனித் தம்முடையதே என்ற எண்ணம், குனிந்த தலை நிமிர்வதற்குள் அவருக்குள் ஓடி முடிந்திருந்தது.

அது ஒரு மடிப்புக் கேமரா. பொத்தானை அழுத்தினால் முன்கதவு விழுந்து, கறுப்புத் துருத்தி விரிந்து, லென்ஸ் முன்னால் வந்து அசையாமல் நிற்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில் சுவா ஏரிக்கரையில் தோன்றி, வந்த சுவடு தெரியாமல் மறைந்த ஒரு சிறு தொழிற்சாலை செய்தது. ஒகாயா நகரில் வேறொரு கேமரா ஆலையின் ஷட்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தெராஷிமா, இதே வகையைத் தேடிப் பழைய கேமராச் சந்தைகளிலெல்லாம் அலைந்து பார்த்துவிட்டார். நல்ல நிலையில் அவர் கண்ட ஒன்றே ஒன்று மினோவாவினுடையது. அதைச் சுத்தம் செய்து, எண்ணெயிட்டு, துருத்தியில் விழுந்த ஊசித்துளையை அடைத்துத் தந்தவரும் அவரே. ஒவ்வொரு முறையும் வேலை முடிந்த பின் இரண்டு நாள் கூடுதலாக வீட்டில் வைத்திருந்துதான் திருப்பித் தருவார்.

தெராஷிமாவின் வீட்டில், ஈரம் புகாத கண்ணாடி அலமாரியில், பழைய கேமராக்கள் வரிசையாக நின்றன. அவர் அவற்றை நிறுத்தி வைத்து அழகு பார்ப்பவர் அல்லர். ஒவ்வொன்றுக்கும் முறை வைத்து ஃபிலிம் ரோல் போட்டு வெளியே கொண்டு போவார். ஒரு ரோலில் பன்னிரண்டே படம். அதனால் கண் முதலில் ஒழுங்குக்கு வரும்; மூச்சு அடுத்துவரும்; அதன் பின்புதான் விரலுக்கு அனுமதி. எடுத்தது எப்படி வந்திருக்கிறது என்று தெரிய, ரோல் முடிந்து ஃபிலிமைக் கழுவும் வரை காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் பெரிய சுகம் என்று அவர் சொல்வதைக் கேட்டு அவருடைய மனைவி மசாயோ, "என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போயி ரெண்டு மாசம் பதில் சொல்லாம இருந்தீங்களே, அது இந்தச் சுகம்தானா?" என்று கேட்டதுண்டு.

மாதத்தின் முதல் ஞாயிறன்று, ரயில் நிலையத்தருகே உள்ள காப்பிக் கடையில் பழைய கேமராக்காரர்கள் கூடுவார்கள். கேமராக்கள் கைமாறி மேசையைச் சுற்றி வரும். அங்கே ஒரு விதி. யாருடைய கேமராவாயினும் பின்கதவைத் திறக்கும் முன் 'உள்ளே இருக்கா?' என்று உரக்கக் கேட்க வேண்டும். கேட்காமல் திறந்து அடுத்தவர் ரோலில் வெளிச்சம் பாய்ச்சியவர், அன்றைக்கு வந்த அனைவருக்கும் விலாங்கு மீன் விருந்து வைக்க வேண்டும். விதியை இயற்றியவர் தெராஷிமா. இருமுறை விருந்து வைத்து நொந்த ஒகுமுரா, "தெராஷிமா சான் கழிப்பறைக் கதவைத் தட்டும்போதும் 'உள்ள இருக்கா'ன்னுதான் கேப்பாரு" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த மேசையில் மினோவாவுக்கும் தெராஷிமாவுக்கும் ஓயாத வழக்கு ஒன்று இருந்தது. ஒரு படம் எடுத்தவுடன் ஃபிலிமை அடுத்த எண்ணுக்கு நகர்த்திவிட வேண்டும் என்பது தெராஷிமாவின் கட்சி. மினோவாவோ எடுத்ததை அப்படியே விட்டுவிடுவார்; அடுத்த படம் எடுக்கப் போகும் நொடியில்தான் நகர்த்துவார். அப்போது இழுபட்ட ஃபிலிம் தட்டையாக நிற்கும், படம் கூர்மையாக விழும் என்பது அவர் வாதம்.

"இந்தப் பழைய கேமராவுல தடுப்புக் கிடையாது. நகர்த்த மறந்துட்டு இன்னொரு தடவ அமுக்கினா, ஒரு படத்து மேல இன்னொண்ணு ஏறிடும்" என்பார் தெராஷிமா.

"மறக்கறவன் எதுக்குடா கேமராவத் தொடணும்?" என்பார் மினோவா.

தை பிறந்த சமயத்தில், ஏரி உறையத் தொடங்கிய நாட்களில், நுரையீரல் நோய் முற்றி மினோவா மருத்துவமனையில் சேர்ந்தார். பார்க்கப் போன தெராஷிமா, குளிர் பற்றியும் சாப்பாடு பற்றியும் இரண்டு வார்த்தை பேசியதும், வீட்டில் கேமராவை ஈரம் தட்டாத இடத்தில் வைத்திருக்கிறார்களா என்று கேட்டுவிட்டார். மினோவா மூக்கிலிருந்த ஆக்சிஜன் குழாயை ஒதுக்கிக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"டேய், நான் எப்படி இருக்கேன்னு பாக்க வந்தியா, அது எப்படி இருக்குன்னு பாக்க வந்தியா?"

கினுயே சிரித்தாள். தாதி சிரித்தாள். தெராஷிமாவும் சிரித்தார். ஆனால் காது மடல் வரை சூடேறிற்று. உண்மையில் அவர் படி ஏறி வரும்போதே, அந்தக் கேமரா யாருக்குப் போகும் என்றுதான் எண்ணிக்கொண்டு வந்திருந்தார்.

இப்போது அது அவருக்கே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவர் மேலங்கியையும் கழற்றவில்லை. மசாயோ கடைக்குப் போயிருந்தாள். மேற்குப் பக்க அறையில், சாயும் வெயிலில் ஒளிர்ந்துகொண்டிருந்த காகிதச் சாளரத்துக்கு முதுகு காட்டி அமர்ந்தார். பொத்தானை அழுத்தினார், துருத்தி விரிந்தது. ஷட்டர் பிரிவுக்காரர்கள் எந்தக் கேமராவைக் கையிலெடுத்தாலும் முதலில் செய்யும் காரியத்தை அவரும் செய்தார்: லென்ஸைத் தம் முகத்துக்கு நேராகத் திருப்பி, வெள்ளெழுத்துக் கண்ணாயிற்றே, கை நீளும் தூரத்தில் பிடித்துக்கொண்டு, விசையை இழுத்து விட்டார். உள்ளே உலோக இதழ்கள் பூவைப் போல் மலர்ந்து குவிந்தன. வேறு எந்தக் கேமராவிலும் கேட்டறியாத, நாவை மேலண்ணத்தில் தட்டியதைப் போன்ற சிற்றொலி. ஆசை தீராமல் மறுபடியும் விட்டார், மறுபடியும். இனி யாருக்கும் திருப்பித் தர வேண்டியதில்லை. சிறுபிள்ளையைப் போல் சிரித்தபடியே, உட்புற உருளைகளையும் பார்த்துவிடுவோம் என்று பின்கதவைத் திறந்தார்.

உள்ளே கறுப்புக் காகிதம் இழுபட்டு நின்றது. அதில் வெள்ளை எழுத்தில் ஏழு என்ற எண்.

மூடிய வேகத்தில் விரல் நசுங்கியது. வலி தெரியவில்லை. பின்கதவில் ஒரு சிறு சிவப்புச் சாளரம் உண்டு. அதன் மூடியை நகத்தால் ஒதுக்கியிருந்தாலே அந்த ஏழு தெரிந்திருக்கும். ஊருக்கே விதி இயற்றியவர் அதைச் செய்யவில்லை. ஃபிலிமின் முதுகைக் காகிதம் காத்திருக்கும். கண நேரம்தான் திறந்தது. ஓரங்களில்தான் வெளிச்சம் கசிந்திருக்கும். ஆனால் அதற்கு முன் நடந்தது? மினோவா எடுத்த படத்தை நகர்த்தாமல் விடுகிறவர். அப்படியானால் அவர் கடைசியாக எடுத்த படம், லென்ஸுக்கு நேரே, அடுத்த படத்துக்காகக் காத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் தெராஷிமா தம் முகத்தை மூன்று முறை ஏற்றியிருந்தார்.

கேமராவை மடித்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

தம்மைத் தேற்றிக்கொள்ள அவருக்குக் காரணங்கள் கிடைத்தன. மினோவா குளிர்காலத்தில் எதை எடுப்பார்? உறைந்த ஏரி வெடித்து மேடாக எழும்பும் பனிவரம்பைத்தான் எடுப்பார். அப்படிப்பட்ட படங்கள் அவர் வீட்டில் பெட்டி பெட்டியாகக் கிடக்கின்றன. ஒன்று குறைந்தால் யாருக்கு என்ன நட்டம்? காரணம் வலுவாகத்தான் இருந்தது. ஆயினும் அலமாரியைத் திறக்கும் போதெல்லாம் அந்தத் தட்டைத் தாண்டியே அவர் கை போயிற்று. முதல் ஞாயிறுகளில் முதுகுவலி வந்தது. மசாயோ இரண்டொரு முறை கவனித்துவிட்டு, "வருஷக்கணக்கா ஏங்கினீங்க. வந்ததும் பூட்டி வச்சிட்டீங்க. உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். வெயில் சரியில்லை என்றார். அந்த ஆண்டு வசந்தம் முழுவதும் வெயில் மிக நன்றாக இருந்தது.

ஆகஸ்டில், இறந்தவர்கள் வீடு திரும்பும் போன் பண்டிகை வந்தது. மினோவா இறந்த பின் வரும் முதல் பண்டிகை அது. வாசலில் பூர்ச்ச மரப்பட்டை எரித்து அவரை வரவேற்ற சாம்பலைக் கடந்து தெராஷிமா உள்ளே போனார். வீட்டிலிருந்த முன்னோர் பீடத்தில், இறந்தவர் ஏறி வந்து போவதற்கென்று வெள்ளரிக்காயில் செய்த குதிரையும் கத்தரிக்காயில் செய்த மாடும் நின்றன. ஊதுவத்தி ஏற்றிக் கும்பிட்டுத் திரும்பியதும் கினுயே தேநீரும் கீரை ஊறுகாயும் வைத்தாள். கோப்பையில் பாதி குறைந்தால் உடனே நிரப்பினாள். அந்த ஊரில் விருந்தாளி எழுந்து போகும் வரை கோப்பை நிரம்பிக்கொண்டேதான் இருக்கும்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். அந்தக் கேமராவுக்குள்ள ரோல் ஏதாச்சும் இருந்துச்சா?"

எதற்குக் கேட்கிறாள் என்று தெராஷிமா கேட்டார். கேட்காமலிருந்திருக்கலாம்.

கினுயே தயங்கித் தயங்கிச் சொன்னாள். மருத்துவமனைக்குக் கிளம்பிய காலை அது. வாசலில் டாக்ஸி காத்திருந்தது. அவள் சமையல் அங்கியோடு, தலையில் துண்டோடு, அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். கதவைப் பிடித்தபடி நின்ற மினோவா, கேமராவை எடுத்து விரித்து, "கொஞ்சம் நில்லு" என்றாராம்.

"நாப்பது வருஷத்துல என்னையும் எடுத்திருக்காரு. இல்லேங்கல. பனிவரம்புக்குப் பக்கத்துல நிக்க வச்சு எடுப்பாரு, அது எவ்வளவு உசரம்னு காட்டறதுக்கு. அளவுகோல் மாதிரி. அன்னிக்கு நான் கேட்டேன், இங்க எதுக்கு அளவு, இது நம்ம வாசல்தானேன்னு. அளவுக்கு இல்ல, நீ சும்மா நில்லுன்னாரு."

அவள் பீடத்தின் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

"எப்படி இருந்தேனோ, தலையக்கூட வாரல. அதான், இருந்தா ஒரு தடவ பாக்கலாம்னு."

"காலியாத்தான் இருந்துச்சு" என்றார் தெராஷிமா.

குரல் சிறிதும் பிசிறவில்லை. அதுவே அவரைத் திடுக்கிட வைத்தது.

"அப்படியா." கினுயே தேநீர்ச் சாடியின் மூடியைச் சரிசெய்தாள். சற்றுப் பொறுத்துச் சிரித்தாள். "அப்ப பாவனை பண்ணியிருக்காரு. நான் அழுதுக்கிட்டே போனேனா, அத நிறுத்தறதுக்காக ரோல் இல்லாமலே கிளிக் பண்ணியிருக்காரு. பாருங்க, அந்த நேரத்துலகூட ஏமாத்தியிருக்காரு மனுஷன்."

அவள் மேலும் தேநீர் ஊற்றினாள். தெராஷிமா அதைக் குடித்தார்.

திரும்பும்போது ஏரிக்கரை வழியே நடந்தார். படத்தைக் கெடுத்தது பிழை. கை முந்திக்கொண்டது என்றாவது சொல்லலாம். இன்று சொன்னது அப்படியன்று. நாற்பது ஆண்டுகளில் ஒரே ஒரு முறை மனைவியை மனைவிக்காகவே நிற்கச் சொன்னவனை, ஒரே வாக்கியத்தில் ஏமாற்றுக்காரனாக்கிவிட்டு வந்திருந்தார். அதையும் அவள் சிரித்து ஏற்றுக்கொண்டாள். எரிச்சல்பட்டிருந்தாலும் தாங்கியிருக்கலாம்.

மசாயோவிடம் எல்லாவற்றையும் சொன்னார். மருத்துவமனைப் படியில் நினைத்தது உட்பட ஒன்றும் விடவில்லை. அவள் பட்டாணி உரித்துக்கொண்டே கேட்டாள்.

"முதல்ல அத கழுவிப் பாருங்க. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம எதுக்குன்னு போயி மன்னிப்புக் கேப்பீங்க?"

மறுநாள் காலை அலமாரியைத் திறந்தார். ரோலைக் கடைசி வரை சுற்றி, வெளியே எடுத்து, ஒட்டுத்தாளை நாவால் நனைத்து ஒட்டினார். ஒளி புகாத கறுப்புப் பைக்குள் கைகளை விட்டு, கண்ணால் அல்லாமல் விரலால் பார்த்துப் பார்த்து, ஃபிலிமைச் சுருளில் ஏற்றினார். ஆயிரம் முறை செய்த வேலை. அன்று இரண்டு முறை வழுக்கிற்று. மருந்தை ஊற்றி, ஆட்டி, வடித்து, குளியலறைக் குழாயடியில் அலசி, ஈரம் சொட்டச் சொட்டச் சாளரத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். முதல் ஆறும் பனி. ஓரங்களில் மட்டும் வெளிச்சம் தின்றிருந்தது. ஏழாவது அடர்ந்த கறுப்பு. நடுவில் மட்டும் ஒரு பெரிய வெளிறிய வடிவம். அவருக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனாலும் காய வைத்துப் பிரிண்ட் போட்டுப் பார்த்தார்.

படத்தில் சுற்றிலும் வெள்ளை. சாளரத்தின் ஒளி எல்லாவற்றையும் எரித்திருந்தது. நடுவில், வெளிச்சத்துக்கு முதுகு காட்டிய ஒரு தலையின் மங்கிய நிழல். காதோரம் கண்ணாடிச் சட்டத்தின் கோடு. நிழல் விழுந்த அந்த இடத்தில் மட்டும் புது வெளிச்சம் ஏறவில்லை. அதனால் பழைய படம் அங்கே பிழைத்திருந்தது. தலைக்குள்ளே பனி கிடந்தது. பனியில் கினுயே நின்றாள். சமையல் அங்கி, தலைத் துண்டு, இரு கையாலும் நெஞ்சோடு அணைத்த பை. அழுகையும் வெட்கமும் பாதிப் பாதியாக, சிரிக்கலாமா என்று கேட்பது போன்ற முகம்.

மசாயோ கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தாள். "இந்தத் தல நீங்களா?"

"ஆமா."

"உங்க தலைக்குள்ள நிக்கறது கினுயே சான்."

"ஆமா."

அவள் பிரிண்டை அவரிடமே நீட்டினாள்.

அன்று மாலை தெராஷிமா இன்னொரு பிரிண்ட் போட்டார். கினுயேயின் முகத்தையும் தோளையும் மட்டும் பெரிதாக்கி, தம் தலையின் விளிம்பு எங்கும் தெரியாமல் வெட்டியது. சற்றே புள்ளி புள்ளியாக இருந்தாலும் அழகாகவே வந்திருந்தது. கேமரா உறையின் பையில் வேறொரு ரோல் அகப்பட்டது என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தீங்கில்லாத சொல். இரண்டையும் மேசை மேல் வைத்துவிட்டு மசாயோவைப் பார்த்தார்.

"என்னைக் கேக்காதீங்க. ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. எத வெளிய எடுக்கறீங்களோ, அது உங்க பாடு."

வீடு வந்த இறந்தவர்களை வழியனுப்பும், பண்டிகையின் கடைசி நாளில் மீண்டும் அந்த வாசலை மிதித்தார். அமர்ந்ததும் கை தானாகவே வெட்டிய படத்தைத்தான் எடுத்தது. கினுயே அதை இரு கையாலும் வாங்கினாள். முகத்தருகே வைத்துப் பார்த்தாள். பின்பு துண்டின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாவனை இல்லையே. நெஜமாத்தான் எடுத்திருக்காரு."

அவள் மகிழ்ச்சியைப் பார்த்துக்கொண்டு, எழுந்து போய்விடலாம் என்று தெராஷிமாவுக்கு ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவள் நிமிர்ந்து கேட்டாள்.

"அப்ப அன்னிக்கு ஏன் காலின்னு சொன்னீங்க?"

கேமரா உறையின் பை, வேறொரு ரோல் என்ற சொற்கள் நாக்கின் நுனி வரை வந்தன. அந்த நாக்கு இதே பாயில் அமர்ந்து ஏற்கெனவே ஒரு முறை தடுமாறாமல் பேசியது நினைவுக்கு வந்தது. அவர் மற்றப் படம் இருந்த காகித உறையைத் திறந்து முழுப் படத்தையும் அவள் முன்னே வைத்தார். நிழல் யாருடையது என்பதில் தொடங்கி, பின்னோக்கிப் போய், மருத்துவமனைப் படி வரை சொன்னார். கினுயே குறுக்கே பேசாமல் கேட்டாள். தேநீர்க் கோப்பை காலியாயிற்று, அவள் நிரப்பவில்லை.

"உள்ள இருக்கான்னு கேக்கலையா நீங்க?" என்றாள் முடிவில்.

"கேக்கல."

"அது நீங்க போட்ட விதின்னு சொல்வாரு."

"ஆமா."

அவள் வெட்டிய படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இது வேண்டாம். இதுல பனி இல்ல, வாசல் இல்ல, வெறும் மூஞ்சி. அவரு எடுத்தது இது இல்ல." முழுப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டாள். "கேமராவக் கொண்டு வந்திருப்பீங்களே?"

கொண்டு வந்திருந்தார். பையிலிருந்து ஊதாத் துணிப் பொதியை எடுத்ததும் அவள் தலையசைத்தாள்.

"திருப்பி வாங்கக் கூடாது. தெரியும்ல. வச்சுக்கிட்டுப் படம் எடுங்க. பூட்டி வச்சா அவருக்குப் பிடிக்காது." பீடத்தைக் காட்டினாள். "என்கிட்ட சொல்லிட்டீங்க. அவருகிட்ட இன்னும் சொல்லலையே. இன்னிக்கு அவரு கிளம்பறதுக்குள்ள சொல்லிடுங்க."

தெராஷிமா பீடத்தின் முன் மண்டியிட்டு மணியைத் தட்டினார். வழக்கமாக மனத்துக்குள் சொல்வதை அன்று வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. பின்னால் கினுயே கேட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் ஒரு முறை குரல் நின்றது. அவள் எடுத்துக் கொடுக்கவில்லை. அவரே தொடர்ந்து முடித்தார்.

அடுத்த முதல் ஞாயிறன்று தெராஷிமா அனைவருக்கும் விலாங்கு விருந்து வைத்தார். யாருடைய ரோல் என்று ஒகுமுரா கேலியாகத் தொடங்கி, பெயரைக் கேட்டதும் கேலியை விழுங்கிக்கொண்டார். கினுயேவுக்கும் ஒரு பெட்டி விலாங்குச் சோறு போயிற்று. காலிப் பெட்டி கழுவித் துடைக்கப்பட்டுத் திரும்பி வந்தது. உள்ளே நன்றி என்றோ மன்னிப்பு என்றோ ஒன்றும் இல்லை.

கேமரா இப்போது முறைப்படி வெளியே போகிறது. பன்னிரண்டு படமும் நன்றாகவே வருகின்றன. ஆனால் அந்தச் சிற்றொலி கேட்கும்போது முன்போல் அவருக்குச் சிரிப்பு வருவதில்லை. யாருமில்லாத கரையில் நிற்கையிலும், பின்கதவைத் தொடும் முன், உள்ளே இருக்கா என்று உரக்கக் கேட்கிறார்.

மினோவாவின் நினைவு நாட்களில் அந்த வீட்டுக்குப் போகத் தவறுவதில்லை. பீடத்தில், மினோவாவின் படத்தை அடுத்து, கினுயே அந்தப் படத்தைச் சட்டமிட்டு வைத்திருக்கிறாள். மண்டியிட்டுக் கைகூப்பி நிமிர்ந்தால், நண்பரின் முகத்தைக் காணும் முன் தெராஷிமாவுக்குத் தெரிவது தம் தலையின் நிழல்தான். அதற்குள் பையை அணைத்துக்கொண்டு, சிரிக்கலாமா என்று கேட்டபடி, கினுயே இன்னும் பனியில் நிற்கிறாள். இந்தப் பக்கம் பாயில் அமர்ந்திருக்கும் கினுயே, அவர் எழும் வரை கோப்பையை நிரப்பிக்கொண்டே இருக்கிறாள்.